வெள்ளையடித்த அடுப்படி

வீரம்மாளின் அடுப்படியைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னவர் பூண்டி ஊரில் யாரும் கிடையாது. அவளே சொன்னதில்லை. "பேய்கூட இதுக்குள்ள வந்தா இருமிக்கிட்டே ஓடிரும்" என்று ஊதாங்குழலைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பாள். தகரக் கூரை கரி, விட்டம் கரி, சுவர் கரி, சுவரில் தொங்கிய காலண்டரில் முருகனும் மயிலும் கரி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதே அடுப்படியில்தான் ஆக்கினாள், அரைத்தாள், ஒற்றை மகளைப் பெற்று வளர்த்தாள். ஒரு நாளும் அந்தக் கரி அவள் கண்ணை உறுத்தவில்லை. மகள் சண்முகசுந்தரியைப் பெண் பார்க்க மன்னவனூரிலிருந்து வருகிறார்கள் என்ற சேதி வந்த பிறகுதான் உறுத்தியது.

சேதி கொண்டுவந்தவர் அழகுமலை. இரண்டு ஊரிலும் கேரட்டும் உருளைக்கிழங்கும் லாரியில் ஏற்றிவிடுகிற தரகர். காயோடு சேர்த்து ஊர்ச் சேதியையும் ஏற்றி இறக்குகிற மனுஷர்.

"பையன் பேரு குழந்தைவேலு. டவுன்ல ஒரு ஸ்கூல் ஆபீஸ்ல வேலை. பேன்ட்டு சட்டைதான், சைக்கிள் வச்சிருக்கான். அம்மாக்காரி பிச்சையம்மா மட்டும் ஊர்ல இருக்கு. காடு கரையெல்லாம் அந்தம்மாதான் ஒத்தையா நின்னு பாக்குது. பையன் ஞாயித்துக்கிழமைக்குத்தான் வருவான். வர்ற மருமகதான் அந்தக் காட்டைக் கட்டி ஆளணும், பாத்துக்கங்க."

இவ்வளவையும் அவர் சொன்னார். வீரம்மாள் காதில் விழுந்தது 'ஆபீஸ்' என்ற ஒரே ஒரு சொல்தான். மற்றதெல்லாம் காற்றோடு போயிற்று. நமக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொள்கிற காது எல்லோருக்கும் உண்டு, வீரம்மாளுக்குக் கொஞ்சம் கூடுதல்.

சுந்தரிக்கு இந்த இடத்தில் இஷ்டம் இருந்தது. அதை ஒளிக்க அவளுக்குத் தெரியவில்லை. பூம்பாறைத் தேர்த் திருவிழாவில் அவனைப் பார்த்திருக்கிறாள், அவனும் பார்த்திருக்கிறான், அதற்குப் பிறகுதான் அழகுமலை இந்தப் பேச்சோடு வந்ததே. நாலு தடவை கூப்பிட்டால்தான் எழுந்திருக்கிற பெண், சேதி வந்த மறுநாள் வெள்ளனே எழுந்து வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். சின்னச்சாமி, அவள் அப்பா, அதைப் பார்த்துவிட்டு மனைவியிடம், "தேர்ல சாமியைக் கும்பிட்டுச்சோ இல்லையோ, வரம் வாங்கிட்டு வந்திருச்சு" என்று சொல்லிச் சிரித்தார். ஆக, பையனுக்குப் பெண்ணைப் பிடித்திருக்கிறது, பெண்ணுக்கும் பையனைப் பிடித்திருக்கிறது. மிச்சம் இருந்தது பிச்சையம்மாளின் சம்மதம் ஒன்றுதான்.

அதை எப்படியாவது வாங்கிவிட வேண்டும் என்று வீரம்மாள் தவித்தாள். அந்தத் தவிப்பில் தங்கச்சி அமிர்தவல்லிக்கு ஆள் சொல்லி அனுப்பினாள்.

அமிர்தவல்லி வாக்கப்பட்டது செண்பகனூரில். அங்கே அவளுடைய அடுப்படியில் மேடை உண்டு, மண்ணெண்ணெய் அடுப்பு உண்டு, ஹார்லிக்ஸ் பாட்டிலில் பருப்பு, பாட்டிலுக்கு அடியில் பல் பல்லாக வெட்டிய பேப்பர். டவுன் பஸ் போகிற ரோட்டோரம் குடியிருப்பதால், அக்கா வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஏதோ மலையேறி வந்து மலையிறங்கிப் போகிற கலெக்டர் மாதிரி ஒரு பார்வை பார்ப்பாள். இந்தத் தடவை அடுப்படி வாசலிலேயே நின்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அக்கா, இதுக்குள்ள கூட்டிட்டு வந்தேன்னா அவங்க வாசப்படியோட திரும்பிருவாங்க. பையன் ஆபீஸ்ல இருக்கான்னு சொல்ற, நீ இன்னும் கரிச்சட்டிக்குள்ள குடித்தனம் பண்ற."

"என்னடி செய்யச் சொல்ற?"

"எல்லாத்தையும் வெளிய அள்ளிப் போடு. முதல்ல இருந்து ஆரம்பிப்போம்."

அள்ளிப் போட்டார்கள். ஒரு வீட்டின் அடுப்படியை வெயிலில் கொண்டுவந்து பரப்பிப் பார்க்கக் கூடாது, குடும்பத்தின் சங்கதியெல்லாம் வெளியே வந்துவிடும். பிடியில்லாத வாணலி மூன்று, மூடியில்லாத தூக்குவாளி, தூக்குவாளியில்லாத மூடி, எலி குட்டி போட்ட முறம், எப்போதோ காணாமல் போய் அதற்காகச் சுந்தரி அடி வாங்கிய வெண்கலக் கரண்டி. கரண்டி விறகுக் குவியலுக்கு அடியில் கிடந்தது. சுந்தரி அதைத் தூக்கிக் காட்டி, "இப்ப யாரு யாரை அடிக்கிறது?" என்று கேட்டாள். வீரம்மாள் சிரித்துக்கொண்டே கன்னத்தைக் காட்டினாள். அன்றைக்கு அந்த வீட்டில் அத்தனை சந்தோஷம் இருந்தது.

அப்புறம் பிடித்தார்கள் பாருங்கள், சோலி! அமிர்தவல்லி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறித் தகரத்துக் கரியை அரிவாளால் சுரண்டினாள். கரி கட்டி கட்டியாக விழுந்தது. சுந்தரி சுடுதண்ணீரும் சோப்புத் தூளுமாகச் சுவரைத் தேய்த்தாள். முதல் தண்ணீர் தார் மாதிரி ஓடியது, அடுத்தது காப்பி மாதிரி, அதற்கடுத்தது டீ மாதிரி. வீரம்மாள் முற்றத்தில் உட்கார்ந்து பித்தளைக்குப் புளி, அலுமினியத்துக்குச் சாம்பல், அண்டாவுக்குத் தேங்காய் நார் என்று விரல் நுனி வெந்துபோகும் அளவுக்கு விளக்கினாள். பிறகு சுண்ணாம்பு, ஒரு தடவைக்கு இரண்டு தடவை. மாடத்துக்குப் பேப்பர். பேப்பரைப் பல் பல்லாக வெட்டுவதற்கு அமிர்தவல்லி செண்பகனூரிலிருந்தே கத்தரிக்கோல் கொண்டுவந்திருந்தாள்.

கடைசியில் மிஞ்சியது அடுப்புக்கு மேலே மூங்கில் கழியில் தொங்கிய விதைப்பூண்டு.

மலைப்பூண்டு போடுகிற வீடுகளில் அதுதான் வழக்கம். புரட்டாசியில் வெட்டியதும் நல்ல பூண்டாகப் பார்த்துப் பொறுக்கி, காய்ந்த இலைத் தாளோடு கட்டுக் கட்டாகக் கட்டி, அடுப்புக்கு நேர் மேலே தொங்கவிடுவார்கள். வைகாசியில் நடுகிற வரைக்கும் அது அங்கேயே கிடந்து தினமும் புகை குடிக்கும். புகை குடித்த பூண்டில் பூச்சி விழாது, பூஞ்சை ஏறாது, அவசரப்பட்டு முளைக்காது. சின்னச்சாமி இதுவரைக்கும் ஒரு போகத்துக்குக்கூட வெளியே விதை வாங்கியதில்லை. அவர் அப்பா போட்ட பூண்டின் வம்சம்தான் இன்றைக்கும் அந்தக் காட்டில் முளைக்கிறது. ஆனால் பார்ப்பதற்கு அது என்னமோ கரி பிடித்த தேன்கூடு தொங்குவது போலத்தான் இருக்கும். வெள்ளைச் சுவருக்கு நடுவே அன்றைக்கு இன்னும் அசிங்கமாகத் தெரிந்தது.

"இதையும் எறக்கிரு" என்றாள் அமிர்தவல்லி.

சின்னச்சாமி வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். "இந்தா, அதுல மட்டும் கை வைக்காத. வெதை."

"ரெண்டே நாளுங்க. அவங்க பாத்துட்டுப் போனதும் ஏத்திருவேன். மாட்டுக் கொட்டத்துல பத்திரமா வைக்கிறேன்."

"மாட்டு மூச்சு பட்டா வேர்த்துப் போகும்."

"உங்களுக்குப் பூடுதான் பெருசு, பொண்ணு பெருசில்ல!" என்று வீரம்மாள் வெடுக்கென்று சொன்னாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சுந்தரி மட்டும் அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். "இருக்கட்டும்மா. அது இல்லாம வெறிச்சுனு இருக்கும்."

"அடிப் போடி இவளே, உன்னையப் பாக்கத்தான் வர்றாங்க, பூட்டைப் பாக்க வரல" என்றாள் சித்தி. மூன்று பேரும் சிரித்தார்கள். கட்டுகள் இறங்கின, சாக்குக்குள் போயின, சாக்கு மாட்டுக் கொட்டத்து மூலைக்குப் போயிற்று.

அடுப்படி ஜொலித்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து வந்து பார்த்துவிட்டு, "கண்ணு கூசுதே வீரம்மா!" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். புதுச் சுண்ணாம்பில் புகை ஏறிவிடக் கூடாதே என்று அந்த இரண்டு நாளும் முற்றத்தில் மூன்று கல்லைக் கூட்டித்தான் வீரம்மாள் சோறு ஆக்கினாள். விருந்தாளிகளுக்குக் காப்பி போட அமிர்தவல்லியின் மண்ணெண்ணெய் அடுப்பு பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தது. மண் அடுப்பு மெழுகிக் கோலம் போட்டுச் சும்மா கிடந்தது.

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பஸ்ஸை விட்டு இறங்கி வந்தது பிச்சையம்மாளும், அவள் கொழுந்தனும், இரண்டு உறவுக்காரப் பெண்களும், கூடவே அழகுமலையும். பையன் வரவில்லை, பெண்ணை அவன்தான் தேரிலேயே பார்த்தாயிற்றே. வீரம்மாள் மனதில் வரைந்து வைத்திருந்த ஆபீஸ்காரன் அம்மா வேறு. இவள் குள்ளமாக, கறுத்து, வெடித்த காலும் நகக்கண்ணில் மண்ணுமாக இருந்தாள். கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் வாழை இலைப் பொட்டலம் ஒன்று மேலாகத் தெரிந்தது. பூ! பிடித்துப் போனால் அப்போதே பெண் தலையில் வைத்துவிட்டுப் போகும் உத்தேசத்தோடுதான் வந்திருக்கிறாள் என்று வீரம்மாளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

பிச்சையம்மாள் அதிகம் பேசவில்லை. சுந்தரியைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் கையைத் திருப்பி உள்ளங்கையை விரலால் தடவிப் பார்த்தாள். காய்ப்பு தட்டுப்பட்டது. அவள் முகம் மலர்ந்தது. "காட்டுல நின்ன கைதான். நல்லாயிரு தாயி" என்றாள். பிறகு, "தாகமா இருக்கு மதினி, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்று சொல்லிக்கொண்டே தண்ணீர் வருவதற்குக் காத்திராமல் தானே எழுந்து அடுப்படிக்குள் வந்தாள். வீரம்மாளும் அமிர்தவல்லியும் பின்னாலேயே போனார்கள். இந்த நிமிஷத்துக்காகத்தானே அத்தனை பாடும்!

உள்ளே வந்தவள் சுவரைப் பார்க்கவில்லை. பல் பல்லாக வெட்டிய பேப்பரைப் பார்க்கவில்லை. பளபளவென்று அடுக்கியிருந்த பித்தளையைப் பார்க்கவில்லை. நேராக அடுப்புக்கு முன்னால் போய் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

வீரம்மாளின் கண்ணும் கூடவே மேலே போயிற்று. அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. தன்னைப் பெண் பார்க்க வந்தபோது இதே மாதிரி தண்ணீர் கேட்டு எழுந்து வந்த மாமியார், தன் முகத்தைப் பார்த்ததைவிட அதிக நேரம் அடுப்புக்கு மேலேதான் பார்த்தாள். ஒரு பூண்டுக் கட்டைத் தொட்டு, பல்லை நசுக்கிப் பார்த்து, "வெதை வச்சிருக்கற வீடு. பொண்ணு எடுக்கலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் பூ வைத்தாள். இந்த மலையில் யாரும் எடுத்துச் சொல்லித் தரத் தேவையில்லாத சங்கதி அது. வீரம்மாளுக்குத் தெரியாததா? தெரியும். 'ஆபீஸ்' என்ற சொல் வந்து அதை மூடிவிட்டது.

"வெதைப்பூடு எங்க மதினி?" என்று பிச்சையம்மாள் கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். உள்ளதைச் சொல்லட்டும் என்று காத்தும் நின்றாள்.

மாட்டுக் கொட்டத்தில் சாக்கில் கிடக்கிறது என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். சொன்னால் இவ்வளவு வேஷமும் கலைந்துவிடுமே, உங்களுக்காகத்தான் ஒளித்துவைத்தேன் என்று ஆகிவிடுமே என்று வீரம்மாளின் நாக்கு ஒரு கணம் தயங்கியது. அந்த ஒரு கணத்துக்குள் அமிர்தவல்லி புகுந்துவிட்டாள்.

"அதெல்லாம் எங்கக்கா வீட்டுல இப்ப வைக்கிறதில்லீங்க. நாத்தம் பாருங்க. வெதை வேணும்னா சந்தையில வாங்கிக்கிட்டாப் போச்சு. அடுப்பு கூட இப்ப ஸ்டவ்தான்."

பிச்சையம்மாள் அவளைப் பார்க்கவில்லை. வீரம்மாளைத்தான் பார்த்தாள். "அப்படிங்களா மதினி?"

"ஆமாங்க" என்றாள் வீரம்மாள்.

அந்த ஒரு சொல்லை அவள் எத்தனையோ தடவை திரும்ப எடுத்துப் பார்த்திருக்கிறாள், பிற்பாடு. யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. தங்கச்சி சொன்னது பொய்யென்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கலாம். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சாக்கை அவிழ்த்துக் காட்டியிருந்தால் அந்தம்மாளும் சிரித்திருப்பாள். என்ன கேடு வந்தது என் வாய்க்கு என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

பிச்சையம்மாள் குனிந்து அடுப்புக்குள் கையை விட்டுப் பார்த்தாள். சாம்பலே இல்லை, கோலம்தான் இருந்தது. "சுத்தமா வச்சிருக்கீங்க" என்றாள். தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டுச் செம்பைக் கவிழ்த்து வைத்தாள். அப்புறம் காப்பி வந்தது, கேசரி வந்தது, எல்லாம் மரியாதையாகவே நடந்தது. "வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்றோம்" என்று எழுந்தார்கள். மஞ்சள் பையும் எழுந்தது. வாழை இலைப் பொட்டலம் அதற்குள்ளேயே இருந்தது. கதவோரம் நின்ற சுந்தரியின் கண்ணும் அந்தப் பொட்டலத்தின் மேல்தான் இருந்தது.

"அசந்து போயிட்டாங்க பாத்தியா? பேச்சே வரல!" என்றாள் அமிர்தவல்லி, ஸ்டவ்வைத் துடைத்துக்கொண்டே. வீரம்மாளுக்கு அவளை அறையலாமா என்று இருந்தது. அறையவில்லை. அவளா 'ஆமாங்க' சொன்னாள்?

வாரம் போயிற்று, அடுத்த வாரமும் போயிற்று. மன்னவனூரிலிருந்து சத்தமே இல்லை. அழகுமலை அவர்கள் வீட்டுத் தெருவைவிட்டுச் சுற்றிப் போக ஆரம்பித்தார். கடைசியில் கேரட் மூட்டை ஏற்றுகிற இடத்தில் வீரம்மாள் அவரை மடக்கிவிட்டாள். சின்னச்சாமியும் மூட்டையைத் தோளில் ஏற்றியபடி அங்கேதான் நின்றார்.

"சொல்லிருங்கண்ணே. நல்லதோ கெட்டதோ."

அழகுமலை தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி கட்டினார். "பொண்ணைக் கொறையா ஒரு வார்த்தை சொல்லலம்மா அது. மொகத்துல லட்சுமின்னு சொல்லுது. ஆனா அடுப்புக்கு மேல அண்ணாந்து பாத்தேன், வெறுந்தகரம்தான் தெரிஞ்சுச்சுங்குது. அடுப்புல சாம்பல் இல்லைங்குது. வெதையைத் தின்னுட்டு உக்காந்திருக்கற வீட்டுல வளந்த புள்ள, நான் கண்ணை மூடினா என் காட்டை என்ன பண்ணும்னு கேக்குது. நான் என்னத்தம்மா பதில் சொல்ல? நீங்களே வைக்கிறதில்லைன்னு சொல்லிட்டீங்களாமே."

சின்னச்சாமியின் தோளிலிருந்து மூட்டை நழுவிக் கீழே விழுந்தது. கேரட் உருண்டு ரோட்டில் ஓடியது. அவர் அதைப் பொறுக்கவில்லை.

"நீயா சொன்ன?"

வீரம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எங்கப்பன் போட்ட வெதைடி அது. ஊரே எங்கிட்ட வந்து வெதை வாங்கிட்டுப் போகுது. நான் வெதையத் தின்னவனா?" அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கோபப்பட்டிருந்தால் வீரம்மாள் தாங்கியிருப்பாள்.

நீங்களாவது போய்ச் சொல்லுங்க என்று அவள் கெஞ்சியதற்கு அவர் முடியாது என்றுவிட்டார். பெண்ணைப் பெற்றவன் போய் இன்னொருத்தன் வாசலில் நின்று, என்னிடம் விதை இருக்கிறது என்று சத்தியம் பண்ண வேண்டுமா என்று கேட்டார். அதுவும் நியாயம்தான்.

மன்னவனூர்க்காரர்கள் போனதும் ஏற்றிவிடுவதாகச் சொன்ன பூண்டு, சேதிக்குக் காத்திருந்த கவலையில் மாட்டுக் கொட்டத்திலேயே மறந்து கிடந்தது. சேதி தெரிந்ததும் சுந்தரி போய்ச் சாக்கை இழுத்துக்கொண்டு வந்தாள். அப்பா சொன்னபடியே பூண்டு வேர்த்துப் போயிருந்தது. சில கட்டுகளில் பச்சை முளை எட்டிப் பார்த்தது. முளைத்ததையெல்லாம் பிடுங்கி ஒதுக்கிவிட்டு, நல்லதை மறுபடி கட்டிக் கழியில் ஏற்றினாள். அடுப்புக் கோலத்தை அழித்துவிட்டு ஈர விறகாகப் பார்த்து வைத்துப் பற்றவைத்தாள். புகை குபுகுபுவென்று கிளம்பியது. அவள் கண்ணைத் துடைத்தாள். புகைக்குத்தானா என்று கேட்க வீரம்மாளுக்குத் துணிச்சல் இல்லை.

அப்போதே கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. முதலில் வீம்பு வந்து குறுக்கே நின்றது: அவள் என்ன பெரிய இவளா, வேண்டுமென்றால் அவளே ஆள் அனுப்பட்டும். வீம்பு இறங்கியபோது உருளைக்கிழங்குத் தோண்டல் வந்தது. தோண்டி முடித்தபோது நாளைக்கு, நாளன்னைக்கு என்று வெட்கம் இழுத்தது. சுந்தரி மறுபடியும் நாலு தடவை கூப்பிட்டால்தான் எழுந்திருக்கிறவள் ஆகிவிட்டாள். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் பங்குனியில் ஒரு நாள் வீரம்மாள் காலை பஸ்ஸைப் பிடித்தாள். கழியிலிருந்து ஆகப் பெரிய கட்டாகப் பார்த்து இறக்கி, பழைய வேட்டித் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னக்கா, மடியில மாலையா? மணக்குது!" என்றான் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. வீரம்மாள் சிரிக்கவில்லை.

மன்னவனூரில் வீட்டைக் கேட்டுக் கேட்டுப் போய் நின்றபோது வாசலில் யாரும் இல்லை. உள்ளே யாரோ இருமுகிற சத்தம் கேட்டது. புகையின் வழியைப் பிடித்துக்கொண்டே போனாள். பிச்சையம்மாள் அடுப்படியில் ஊதாங்குழலோடு குந்தியிருந்தாள். கூரை கரி, விட்டம் கரி, சுவர் கரி. அடுப்புக்கு மேலே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை விதைப்பூண்டு தொங்கியது. தன் வீட்டுக்கே வந்துவிட்டது போல வீரம்மாளுக்கு இருந்தது. அந்த அடுப்படியில் சுந்தரி நிற்பது அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

"வாங்க மதினி" என்று பிச்சையம்மாள் எழுந்தாள்.

வீரம்மாள் துணியை அவிழ்த்துப் பூண்டுக் கட்டை அவள் கையில் கொடுத்தாள். "எங்க வீட்டு வெதை. இருந்துச்சு மதினி. அன்னிக்கும் இருந்துச்சு. நீங்க வர்றீங்கன்னு எறக்கி மாட்டுக் கொட்டத்துல ஒளிச்சு வச்சேன். பையன் ஆபீஸ்ல இருக்கான், கரியைப் பாத்தா மட்டமா நெனைப்பீங்கன்னு…" அவள் அழுதுவிட்டாள்.

பிச்சையம்மாள் கட்டை மூக்கருகே கொண்டுபோனாள். ஒரு பல்லை நசுக்கினாள். தாளைத் தொட்டு, விரலில் ஒட்டிய கரியைப் பார்த்தாள்.

"இது நாலஞ்சு மாசப் புகை" என்றாள் கடைசியில். "என்ன காரியம் பண்ணிட்டீங்க தாயி. பூவை வச்சிரலாம்னு பையில கையை விட்டுட்டேன் அன்னிக்கு. தண்ணி கேட்டதே சும்மா ஒரு பேருக்குத்தான். அந்தப் புள்ளையோட கையைத் தொட்டதுமே என் மனசு ஒத்துக்கிருச்சு."

"இப்பயும் ஒண்ணும் கெட்டுப் போகலையே மதினி…"

பிச்சையம்மாள் தலையை ஆட்டினாள். "போன வெள்ளிக்கிழமை கவுஞ்சியில ஒரு பொண்ணுக்குப் பூ வச்சுட்டு வந்துட்டேன். எம்மவன் வேண்டா வெறுப்பாத்தான் தலையாட்டினான். ஒரு வாரம் எங்கூடப் பேசல. ஆனா வாக்குக் குடுத்தாச்சு. அதுவும் ஒருத்தி பெத்த புள்ளதானே?"

போன வெள்ளிக்கிழமை! வீரம்மாள் உருளைக்கிழங்குச் சாக்கைத் தைத்துக்கொண்டு, நாளைக்குப் போகலாம் என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்த நாள். அவள் அப்படியே அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிச்சையம்மாளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீங்க ஒரு ஆளை அனுப்பிச் சொல்லியிருந்தாக்கூட நான் பொறுத்திருப்பேனே" என்றாள். அப்புறம், அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியதோ என்னவோ, "எம்மேலயும் தப்பு இருக்கு. உங்க வீட்டுக்காரரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அண்ணாந்து பாத்துட்டு வந்துட்டேன்" என்று முடித்தாள். அடுப்பில் விறகு தானாக எரிந்துகொண்டிருந்தது, தள்ளிவிட ஆளில்லை.

கிளம்பும்போது பிச்சையம்மாள் வீரம்மாளின் கட்டை அவளிடம் திருப்பித் தரவில்லை. அதைத் தன் கழியில் ஏற்றினாள். தன்னுடையதில் ஒரு கட்டை அவிழ்த்து அதே வேட்டித் துணியில் சுற்றிக் கொடுத்தாள். சம்பந்தம் பண்ணிக்கொள்கிற வீடுகள்தான் விதை மாற்றிக்கொள்ளும். இரண்டு பேருக்கும் அது தெரியும்.

மத்தியான பஸ்ஸில் வீரம்மாள் ஊர் திரும்பினாள். சுந்தரி அடுப்பு முன்னால் இருந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், மடியைப் பார்த்தாள், எழுந்து வந்து துணியை வாங்கி அவிழ்த்தாள். அவர்கள் வீட்டில் பூண்டுத் தாளையே முறுக்கிக் கட்டுவது வழக்கம். இது மரப்பட்டை நாரில் கட்டியிருந்தது. சுந்தரி அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கல்யாணம் நிச்சயமாயிருச்சாம்மா அவருக்கு?"

"ஆயிருச்சு தாயி. நான்… ஒரு வாரம் முந்திப் போயிருந்தா…"

சுந்தரி ஏணியைச் சாய்த்து ஏறி, அந்தக் கட்டைக் கழியின் நடுவில், புகை நன்றாகப் படுகிற இடமாகப் பார்த்துத் தொங்கவிட்டாள். இறங்கி வந்து விறகைத் தள்ளினாள். திரும்பாமலேயே கேட்டாள்.

"அவங்க அடுப்படி எப்படிம்மா இருந்துச்சு?"

"நம்ம அடுப்படி மாதிரியேதான்."

சுந்தரி வெள்ளைச் சுவரைச் சுற்றிப் பார்த்தாள். "இப்ப இருக்கற மாதிரியா?"

"இல்ல" என்றாள் வீரம்மாள். "முன்ன இருந்த மாதிரி."